வெறுந்தாளில் முதல் கையெழுத்து

தன் கையெழுத்தையே எதிர்த்து ஒருவர் வழக்குப் பேச முடியுமா? முடியும் என்றால், அப்போது அவர் நிற்பது யார் பக்கம்? ஐம்பத்தாறு வயது வரை இப்படி ஒரு கேள்வி இருப்பதே அமீனா பீவிக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்த கேள்விகள் எல்லாம் கடைக்கு வருகிறவர்கள் கேட்பவை. சேவு இன்னைக்குப் போட்டதா, புண்ணாக்கு எப்போ வரும், முட்டை நல்லதா, இவ்வளவுதான்.

மஞ்சணத்திப்பட்டி, புதூருக்குத் தெற்கே பஸ் வந்து திரும்பிப் போகிற ஊர். அதற்கு அப்பால் பஸ்ஸுக்கு வேலை இல்லை. கரிசல் காடும் உடைமரமும்தான். மழை பெய்தால் உளுந்து, பாசி, மக்காச்சோளம். பெய்யாவிட்டால் ஆடு மட்டும். ஊரின் நடுவில் பஞ்சாயத்து அலுவலகம். அதற்கு நேர் எதிரே அமீனா பீவியின் பலசரக்குக் கடை. அவருடைய கணவர் மைதீன், குளத்தூர்ப் பக்கம் போய் உப்பும் கருவாடும் வாங்கிவந்து, மொபெட்டில் சுற்று ஊர்களில் விற்பவர். ஊரில் முஸ்லிம் வீடு இரண்டு. ஒன்று இவர்களுடையது. இன்னொன்று மைதீனின் தம்பி ஷேக் தாவூது வீடு. தம்பி குடும்பம் கோவில்பட்டிக்குப் போய்விட்டதால் அந்த வீடு வருடத்தில் பாதி நாள் பூட்டியே கிடக்கும்.

அமீனா பீவி பள்ளிக்கூடம் போனதில்லை. கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த பிறகு, அறிவொளி வகுப்பு நடந்த காலத்தில், விஜி என்ற பெண் வந்து எழுத்துச் சொல்லிக்கொடுத்தாள். அமீனா பீவியைவிட வயதில் சின்னவள், பத்தாவது முடித்தவள். வகுப்பில் பாதிப் பேர் பெயர் எழுதத் தெரிந்ததும் நின்றுவிட்டார்கள். அமீனா பீவி பேப்பர் படிக்கும் வரை போனார். கையெழுத்துக்குக் கீழே அன்றைய தேதியையும் போட வேண்டும், அப்போதுதான் அது முழுக் கையெழுத்து என்று விஜி சொல்லியிருந்தாள். அது சரியா தவறா என்று யாரும் விசாரிக்கவில்லை. பேங்க் சீட்டு, தபால்காரர் நீட்டும் தாள், ரேஷன் கடை நோட்டு, எங்கே கையெழுத்துப் போட்டாலும் கீழே எறும்பு அளவில் தேதி, மாதம், வருடம் எழுதாமல் அமீனா பீவி பேனாவை மூடியதில்லை.

வருடத்துக்கு இரண்டு தடவை எதிர்ப்புறம் கொடியேறும். மிட்டாய் இவர் கடையிலிருந்து போகும். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர் வந்து, நாம் ஏன் நம் நாட்டை நினைத்துப் பெருமைப்பட வேண்டும் என்று பேசுவார். இமயமலை, ராக்கெட், ஐயாயிரம் வருடத்துப் பண்பாடு. அமீனா பீவி கடையில் நின்றபடியே கேட்பார். இமயமலையை அவர் பார்த்ததில்லை. பார்க்காததன் மேல் பெருமைப்படுவது சுலபமான காரியம் என்பதால் அவருக்கு அதில் ஆர்வம் வரவில்லை. ஆறே முக்கால் பஸ் வந்துவிட்டதா என்றுதான் பார்ப்பார். மூன்று பேர் ஏறினாலும் அந்த பஸ் வரும். அதைப் பற்றி யாரும் மேடையில் பேசியதில்லை.

அந்த இரண்டு நாளிலும், மே ஒன்று, அக்டோபர் இரண்டிலும் கிராமசபை கூட வேண்டும் என்பது சட்டம். ஊர்க்காரர்கள் உட்கார்ந்து ஊர்க் காரியத்தைப் பேசித் தீர்மானம் எழுத வேண்டும். இத்தனை பேர் இருந்தால்தான் செல்லும் என்று ஓர் எண்ணிக்கையும் உண்டு. மஞ்சணத்திப்பட்டியில் மிட்டாயை வாயில் போட்ட கையோடு கூட்டம் கலைந்துவிடும். காட்டில் வேலை கிடக்கும், பட்டியில் ஆடு கத்தும். மிஞ்சுகிற பத்துப் பன்னிரண்டு பேரை வைத்து ஒன்றும் எழுத முடியாது. அதனால் அந்த ஊரில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. ஏழெட்டு நாள் கழித்து ஊராட்சிச் செயலர் லிங்கராஜ் தீர்மான நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கிளம்புவார். முதலில் எதிர்க்கடை, அடுத்து டீக்கடை, அப்புறம் நூறு நாள் வேலை நடக்கிற கண்மாய்க்கரை. நோட்டில் மேல் பக்கம் வெறுமையாக இருக்கும். கீழே எண் போட்டுக் கோடு கிழித்திருப்பார்.

"என்னத்த எழுதப்போற லிங்கராஜு?"

"எப்பவும் உள்ளதுதான்க்கா. தெருவிளக்கு, குடிதண்ணி. பெறவு எழுதிக்கிடுதேன்."

யாரையும் ஏமாற்றுவதற்காகத் தொடங்கிய வழக்கம் அல்ல இது. ஊர்க்காரர்களின் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தொடங்கியது. இருபது வருடமாக அமீனா பீவி இடது கையால் தராசில் சீனிப் பொட்டலத்தை வைத்துக்கொண்டே வலது கையால் போட்ட கையெழுத்து அது. கடை எதிரே இருந்ததால் எண் ஒன்றுக்கு நேரே எப்போதும் அவர் பெயர்தான்.

அந்த வருடம் மே மாதம், மத்தியான வெயிலில் மீனாட்சியம்மாள் கடைக்கு வந்தார். நாற்பது உருப்படி ஆடு வைத்திருப்பவர். அமீனா பீவியைவிட நாலைந்து வயது மூத்தவர். கையில் தொரட்டிக் கம்பு.

"ஏட்டி அமீனா, ஒரு தீப்பெட்டி குடு."

"வாங்க மைனி. என்ன, ஆட்ட விட்டுட்டு வந்துட்டீங்க?"

"ஆட்ட எங்கன விட? மேய்க்கால்ல கல்லு ஊன்டுதானுவ."

ஊருக்குக் கிழக்கே அறுபத்திரண்டு ஏக்கர் மேய்க்கால் புறம்போக்கு. யாருக்கும் பட்டா இல்லாத மேய்ச்சல் நிலம். ஊர் ஆடெல்லாம் அங்கேதான்.

"யாரு ஊன்டுதா?"

"சோலார் கம்பெனிக்காரன். சுத்தி மஞ்சக் கல்லு. இனிமே ஆடு உள்ள வரக் கூடாதாம். யார்ட்ட கேட்டு வந்தீருன்னு கேட்டேன். ஊரே ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்திருக்குங்கான். எந்த ஊருன்னேன். மொதக் கையெழுத்தே கடைக்காரம்மாங்கான்."

"எந்தக் கடைக்காரம்மா?"

மீனாட்சியம்மாள் கடையை மேலும் கீழும் பார்த்தார். "ஊருக்குள்ள எத்தன கடைக்காரம்மா இருக்கா?"

தீப்பெட்டியை எடுக்காமலே அவர் போய்விட்டார். அமீனா பீவி கடையைத் திறந்தபடி போட்டுவிட்டுத் தெருவைத் தாண்டினார். லிங்கராஜ் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"அது ஒரு சாதாரணத் தீர்மானம்க்கா. குடியரசு தினத்துக் கூட்டத்துல போட்டது. தலைவர் சொன்னார், எழுதுனேன்."

"நான் அதப் படிச்சேனா?"

லிங்கராஜ் உண்மையாகவே புரியாமல் பார்த்தார். "இத்தன வருசத்துல யாருக்கா படிச்சா?"

அந்த வார்த்தை அமீனா பீவியைத் தைத்தது. பொய் என்றால் தைத்திருக்காது.

மறுநாள் ஆறே முக்கால் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனார். மகள் நுஸைபா அங்கே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கும் வேலையில் இருந்தாள். தீர்மானத்தின் நகல் கேட்டு, தகவல் உரிமைச் சட்டப்படி விண்ணப்பம் ஒன்றை எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பினாள். எட்டாம் நாள் தபால்காரர் ஒப்புகை அட்டையைக் கொண்டுவந்து கொடுத்தார். அட்டையில் ஓர் அலுவலகத்தின் முத்திரை, கீழே யாரோ ஒருவரின் அவசரக் கையெழுத்து. அமீனா பீவி அதை வெகுநேரம் பார்த்தார். தனக்கு முகம் தெரியாத, ஒருவேளை தன்னை மதிக்கவும் விரும்பாத ஓர் ஆள், மஞ்சணத்திப்பட்டிக் கடைக்காரி எழுதியது வந்து சேர்ந்தது என்று கையெழுத்துப் போட்டே ஆக வேண்டியிருக்கிறது. அட்டையைக் கல்லாவுக்கு மேலே ஆணியில் குத்திவைத்தார். தலைமையாசிரியர் சொல்லும் பெருமை அவருக்கு முதன்முதலாக லேசாகப் பிடிபட்டது அப்போதுதான். ராக்கெட்டைவிட அது சின்னது. ஆனால் கையில் பிடித்துப் பார்க்க முடிந்தது.

பதில் வர ஒரு மாதம் ஆனது. தீர்மானப் பக்கத்தின் ஜெராக்ஸ். மேலே லிங்கராஜின் முத்து முத்தான எழுத்து: மேற்படி நிலத்தைச் சூரிய மின் நிலையத்துக்கு அளிப்பதில் கிராமசபைக்கு ஆட்சேபணை ஏதுமில்லை என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. கீழ்ப்பாதி மை படிந்து கறுத்துக் கிடந்தது. எண் ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அமீனா பீவி.

மைதீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அதை எடுத்துக் காட்டினார். அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"இத இத்தோட விட்டுரு."

"எதுக்கு விடணும்?"

"நமக்கு ஆடு கெடையாது, காடு கெடையாது. நாம ரெண்டு வீடு அமீனா. அதுலயும் ஒண்ணு பூட்டிக் கெடக்கு. நாளைக்கு ஏதாச்சும்னா யாரு வந்து நிப்பா?"

"வோட்டுக் கேக்க வரும்போது ரெண்டு வீடுன்னா கேக்காம போனாவ? நோட்டுல மொத ஆளு நாமதான. அப்ப மட்டும் ரெண்டு வீடு கண்ணுக்குத் தெரிஞ்சுதுல்லா?"

"நீ பேசுவ. கருவாட்டுப் பெட்டிய எடுத்துக்கிட்டு ஊர் ஊராப் போறவன் நான்."

"அப்ப கருவாட்டோட எம்பேரயும் வித்துட்டு வாங்க."

மைதீன் சிரித்துவிட்டார். ஆனால் அன்று இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளவில்லை.

ஆட்டுக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கோவில்பட்டியில் ஹரிகிருஷ்ணன் என்ற வக்கீலைப் பிடித்தார்கள். நல்ல மனிதர், ஏழைகளிடம் கை நீட்டாதவர். அவர் ஒரு வழி சொன்னார். எல்லோரும் இது என் கையெழுத்தே இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட வேண்டும். நாற்பது பேர் அப்படிச் சொன்னால் தீர்மானம் தானே விழும். நாற்பது பேர் எழுதிக்கொடுத்தார்கள். தாள் கடைசியாகக் கடைக்கு வந்தது. மீனாட்சியம்மாள்தான் கொண்டுவந்தார்.

அமீனா பீவி அதை முழுக்கப் படித்தார். இப்போது எதையும் முழுக்கப் படித்தார்.

"மைனி, இது எங்கையெழுத்துதான. இல்லைன்னு எப்படிப் போடுவேன்?"

"எல்லாரும் போட்டாச்சு."

"அவியளுக்கும் அது அவிய கையெழுத்துதான்."

"ஏட்டி, உங்கையெழுத்து பெருசா, எங்க ஆடு பெருசா?"

அமீனா பீவி தாளை மடித்துக் கல்லாமேல் வைத்தார். கடைக்கு வெளியே மீனாட்சியம்மாளின் கிடாய் ஒன்று சாக்கை முகர்ந்துகொண்டிருந்தது.

"வெறுந்தாளுன்னு சொல்லுதேன். படிக்காம போட்டேன்னு சொல்லுதேன். அது என் தப்பு, அதையும் சொல்லுதேன். போடவே இல்லைன்னு சொல்ல மாட்டேன்."

"அப்ப ஒன்னால போன நெலம் போனதுதான்."

"என்னாலதான் போச்சு. அதான் சொல்லுதேன்."

மீனாட்சியம்மாள் கம்பைத் தரையில் ஓங்கித் தட்டிவிட்டு நடந்தார். ஒரு மாதம் ஊரில் பாதிப் பேர் கடைக்கு வரவில்லை. புதூர் சந்தையிலிருந்து சாமான் வாங்கிக்கொண்டு, கடைக்கு முன்னாலேயே பையை ஆட்டிக்கொண்டு போனார்கள். அமீனா பீவி கடையை ஒரு நாளும் அடைக்கவில்லை. காலையில் வாசலைப் பெருக்கி, சேவுத் தட்டை முன்னால் எடுத்துவைத்து, யாரும் வாங்காத சேவைத் தானே மென்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை ஒன்றில் கடையை மைதீனிடம் விட்டுவிட்டுத் தூத்துக்குடிக்குப் போய் ஆட்சியர் அலுவலகத்துக் குறைதீர் கூட்டத்தில் வரிசையில் நின்று தனியாக ஒரு மனு கொடுத்தார். அதில் நாலே வரி. கையெழுத்து என்னுடையது. தாள் வெறுமையாக இருந்தது. எழுதியதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. விசாரிக்க வேண்டும்.

மனு போன செய்தி தெரிந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் பூவனநாதன் கடைக்கு வந்தார். கெட்டவர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கம்பெனி வந்தால் ரோடு வரும், பத்துப் பேருக்கு வாட்ச்மேன் வேலை வரும் என்று அவர் நம்பினார். ஊரைக் கேட்டால் ஊர் குழப்பும் என்றும் நம்பினார். ஒரு கடலை மிட்டாய் பாக்கெட்டை எடுத்துப் பிரித்தபடி பேசினார்.

"கடைக்காரம்மா, நாடே சூரிய மின்சாரத்துக்குப் போய்க்கிட்டு இருக்கு. நாட்டு முன்னேற்றம். அதுல போயி குறுக்க நிக்கலாமா?"

"கரண்டு வேண்டாம்னு நான் எங்க சொன்னேன்?"

"ஆட்டுக்காரன் சொன்னா ஆட்டுக்காகச் சொல்லுதான். நீங்க நிக்கும்போது நாலு பேரு நாலு விதமாப் பேசுவான். நாட்டுக்கு எதிரா நிக்காவன்னு சொல்லுவான். நான் சொல்லல. சொல்லுவான்."

தெருவில் வெயில் அப்படியே நின்றது. அவர் சொல்லாமல் விட்டது என்ன என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அமீனா பீவியின் வாப்பாவுக்கு வாப்பா, அவருக்கும் வாப்பா, எல்லோரும் அடங்கியிருப்பது கோவில்பட்டிப் பள்ளிவாசல் மண்ணில். அதை எடுத்துச் சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. மண்ணுக்குச் சான்று காட்டுகிறவள் சந்தேகத்தை ஒத்துக்கொண்டவள் ஆகிவிடுவாள்.

"தலைவரே, இந்த நாடு ஒரு சட்டம் எழுதி வச்சிருக்கு. அமீனா பீவின்னு ஒரு கடைக்காரி, பூவனநாதன்னு ஒரு தலைவரு, மீனாட்சியம்மான்னு ஒரு ஆட்டுக்காரி, எல்லாரையும் ஒரே தரையில உக்கார வச்சுக் கேக்காம அந்த நெலத்துல ஒரு கல்லு ஊன்டக் கூடாதுன்னு. எம்புட்டுப் பெரிய கம்பெனி. அவனுக்கு எங்கையெழுத்து வேண்டியிருந்துச்சு பாத்தீங்களா. அப்படிப்பட்ட நாடு இது. எனக்கு அதுல ரொம்பப் பெருமை. நீங்கதான் கேக்காமலே கேட்டதா எழுதிக்கிட்டீங்க. இப்ப நாட்டுக்கு எதிரா நிக்கது ஆருன்னு அந்த நாலு பேருட்ட கேட்டுச் சொல்லுங்க."

பூவனநாதன் மிட்டாயை மென்று முடித்தார். "பேசக் கத்துக்கிட்டிய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூலைக் கடைசியில் விசாரணை அதிகாரி ஜீப்பில் வந்தார். நாற்பது வயதுப் பெண். பஞ்சாயத்து அலுவலகத்தில் மின்விசிறி ஓடவில்லை. ஜன்னலிலும் வாசலிலும் ஊர் நிரம்பி நின்றது. ஹரிகிருஷ்ணன் நாற்பது பேரின் தாள்களைக் கொடுத்தார். அதிகாரி அவற்றைப் புரட்டினார்.

"கையெழுத்தே இல்லன்னு சொன்னா எல்லாத்தையும் நிபுணருக்கு அனுப்பணும் சார். வருசக்கணக்குல ஆகும். அது வர்ற வரைக்கும் வேலையை நிறுத்தச் சொல்லி என்னால எழுத முடியாது. நீங்க வேணா கோர்ட்டுக்குப் போலாம்."

வாசலில் முணுமுணுப்பு எழுந்தது. அதிகாரி அடுத்த தாளை எடுத்தார். "அமீனா பீவி யாரு?"

அமீனா பீவி முன்னால் வந்தார். அதிகாரி தீர்மான நோட்டைத் திருப்பி வைத்தார். "இது உங்க கையெழுத்தா?"

"எங்கையெழுத்துதான்."

பூவனநாதன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"என்ன எழுதியிருக்குன்னு தெரிஞ்சு போட்டீங்களா?"

"எழுதி ஒண்ணும் இல்ல. வெறுந்தாளு."

"வெறுந்தாள்னு எப்படி நான் நம்பறது?"

ஊர் முழுக்கத் தெரிந்த விஷயத்துக்குச் சாட்சி சொல்ல ஒருவரும் இல்லை. தெரிந்தவர்கள் எல்லோரும் நாங்கள் கையெழுத்தே போடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அமீனா பீவி நோட்டைக் குனிந்து பார்த்தார். ஜெராக்ஸில் கறுத்துப் போயிருந்த இடம் இங்கே தெளிவாக இருந்தது. தன் பெயருக்குக் கீழே எறும்பு வரிசை போல.

"மேடம், இந்தத் தேதியப் படிங்க."

அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்தார். "மூணு, ரெண்டு." பக்கத்தின் உச்சியைப் பார்த்தார். "கூட்டம் ஜனவரி இருபத்தாறு."

பூவனநாதன்தான் முதலில் சொன்னார்: "தேதி தப்பாப் போட்டிருப்பாவ. படிக்காதவிய."

அதிகாரி லிங்கராஜைப் பார்த்தார். லிங்கராஜ் மேசைமேல் இருந்த ரப்பர் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தலையாட்டியிருந்தால் போதும். அங்கேயே முடிந்திருக்கும்.

"அக்கா தேதி தப்பாப் போட மாட்டாங்க மேடம்" என்றார் மெதுவாக. "அவங்க போடுதத நான்தான் கவனிக்கல."

அதிகாரி நோட்டைப் பின்னோக்கிப் புரட்டினார். அக்டோபர் இரண்டுக் கூட்டம், கீழே ஒன்பது பத்து. ஆகஸ்டு பதினைந்து, கீழே இருபத்திரண்டு எட்டு. மே ஒன்று, கீழே எட்டு ஐந்து. அலமாரியிலிருந்து பழைய நோட்டை எடுக்கச் சொன்னார். அதற்கு முந்தியதையும். எல்லாப் பக்கத்திலும் எண் ஒன்றுக்கு நேரே அமீனா பீவி, கீழே ஏழெட்டு நாள் தள்ளிய ஒரு தேதி. இருபது வருடத்து வெறுந்தாள்கள்.

அமீனா பீவிக்கு முகம் சூடேறியது. ஜெயித்துவிட்டோம் என்று ஜன்னலில் யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவருக்கு அப்படித் தோன்றவில்லை. ஒவ்வொரு பக்கமாகப் புரட்டப் புரட்ட, ஒவ்வொரு பக்கத்திலும் அவர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த ஒரே ஆதாரமும் அவர் செய்த குற்றமும் ஒரே இடத்தில், ஒரே மையில் இருந்தன.

"இத்தனை வருசமும் இப்படியா?" என்றார் அதிகாரி.

"இப்படித்தான். நானும்தான்" என்றார் அமீனா பீவி. "எழுதிக்கிடுங்க."

அதிகாரி எழுதிக்கொண்டார். கூட்டமே கூடாமல் வாங்கிய கையெழுத்துகள் என்பதால் அந்தத் தீர்மானம் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டு பதினைந்தில் மறுபடியும் ஊரைக் கூட்டி முறையாகக் கேட்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

ஓர் ஊரில் ஒரு தடவை நடந்ததை வைத்து நாட்டுக்கு நற்சான்று எழுத முடியாது. தேதி போடும் பழக்கம் இல்லாத ஊர்களில் என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கம்பெனி அடுத்த வட்டாரத்தில் பட்டா நிலத்தை விலைக்கு வாங்கிக்கொண்டது. இப்போது அந்தப் பக்கம் பஸ்ஸில் போனால் கண்ணாடிகள் பளபளக்கும். அதிலிருந்து வரும் மின்சாரத்தில்தான் அமீனா பீவியின் கடைப் பிரிட்ஜும் ஓடுகிறதோ என்னவோ. மஞ்சணத்திப்பட்டிக்கு ரோடு இன்னும் வரவில்லை.

ஆகஸ்டு பதினைந்து அன்று தலைமையாசிரியர் பேசி முடித்ததும் யாரும் எழுந்து போகவில்லை. இருநூற்றுப் பத்துப் பேருக்கு மேல். ஆடுகளைப் பட்டியில் அடைத்துவிட்டு வந்திருந்தார்கள். மைதீனும் மொபெட்டை எடுக்காமல், கருவாட்டு வாசனையோடு நடுவில் வந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவர், "பாய், கொஞ்சம் தள்ளி உக்காரும், பூனை வந்துரும்" என்றார். "வந்தா அதுக்கும் ஒரு கையெழுத்து வாங்கிருவோம்" என்றார் மைதீன்.

அமீனா பீவி பெண்கள் பக்கம் உட்கார்ந்தார். அருகில் வந்து உட்கார்ந்த மீனாட்சியம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"அன்னைக்கு ஒரு தீப்பெட்டி கேட்டேன்" என்றார்.

"எடுத்து வச்சிருக்கேன் மைனி."

லிங்கராஜ் எல்லோர் முன்னிலையிலும் தீர்மானத்தை எழுதினார். மேய்க்காலை யாருக்கும் கொடுப்பதில் ஊருக்குச் சம்மதம் இல்லை. எழுதியதை எழுந்து நின்று உரக்கப் படித்தார். தண்ணீர்த் தொட்டி ஒன்று வேண்டும் என்பதையும் சேர்க்கச் சொல்லி யாரோ குரல் கொடுத்தார்கள். அதையும் சேர்த்து மறுபடி படித்தார். ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்றார் பூவனநாதன். தனக்கு இதில் உடன்பாடு இல்லை என்பதை எழுதிக்கொள்ளச் சொன்னார். அதையும் எழுதினார்கள். அமீனா பீவி அவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

நோட்டு முதலில் அவரிடம்தான் வந்தது. எண் ஒன்று. அவர் நோட்டை மடியில் வைத்து மேலிருந்து கீழ்வரை படித்தார். ஒரு தடவை முடித்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு பேனாவைத் திறந்து, விஜி சொல்லிக்கொடுத்த அதே உருண்டை எழுத்தில் தன் பெயரை எழுதினார்.

பேனாவை மூடினார்.

லிங்கராஜ் குனிந்து பார்த்தார். "அக்கா, தேதி போடலையே."

"அடுத்த ஆளுக்குக் குடு" என்று நோட்டை மீனாட்சியம்மாளின் மடியில் வைத்தார் அமீனா பீவி.

மறந்துவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அக்டோபரிலும் அவர் போடவில்லை. ஜனவரியிலும் இல்லை. இப்போது அவர் கூட்டத்தில் முதல் ஆளாக வந்து உட்கார்ந்து, முழுக்கப் படித்துக் கையெழுத்துப் போடுகிறார். பேங்க் சீட்டிலும் தபால்காரரின் தாளிலும் ரேஷன் கடை நோட்டிலும் பெயருக்குக் கீழே பழையபடி எறும்பு வரிசை ஓடுகிறது. கிராமசபை நோட்டில் மட்டும், பக்கத்தின் உச்சியில் உள்ள தேதியே தன் தேதியும் என்பதுபோல், அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. ஏன் என்று நுஸைபா கேட்டாள், மைதீன் கேட்டார், லிங்கராஜ் இரண்டு தடவை கேட்டார். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் என்ன வேண்டும் என்று கேட்டு, அதை நிறுத்துக் கொடுத்தார்.